விண்ணோக்ககத்தில் பொதுமக்கள் இரவு: நாட்குறிப்பு

16 ஜனவரி 2026, வெள்ளி

நிலா இல்லாத இரவு. பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே டோமை, அதாவது தொலைநோக்கி இருக்கும் அறையின் அரைக்கோளக் கூரையைத் திறந்து மின்விசிறியை ஓட விட்டாயிற்று. திறப்பு சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், மறக்கவே கூடாது. பகல் சூடு தொலைநோக்கியின் 14 அங்குலக் கண்ணாடியில் தங்கிவிட்டால், வியாழன் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். ஆட்களின் உடல் சூடும் அதே வேலையைத்தான் செய்யும். ஒரே நேரத்தில் உள்ளே பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.

ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 40 மி.மீ. தொலைநோக்கியின் குவியத்தொலைவு 3,910 மி.மீ., அதை 40-ஆல் வகுத்தால் 98 மடங்கு பெரிதாகத் தெரியும். "இன்னும் பெரிசா காட்டுங்க" என்று வரிசையில் யாராவது கேட்பார்கள். 12 மி.மீ. போட்டால் 326 மடங்கு வரும், நெளிவும் சேர்ந்து பெரிதாகும். சாதாரண 12 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸில் கண்ணை ஒட்டி வைத்தால்தான் முழுக் காட்சியும் தெரியும்; மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு விளிம்பு வெட்டுப்படும்.

முதலில் ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகம், கடைசியில் வியாழன். 10-ஆம் தேதிதான் அது சூரியனுக்கு நேர் எதிரே வந்தது என்பதால் முன்னிரவில் இன்னும் தாழ்வாகவே நிற்கிறது. நெபுலாவில் நிறம் எதிர்பார்த்து வருபவர்களிடம் சாம்பல் புகைதான் தெரியும் என்று வரிசையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

24 ஜனவரி, சனி

வளர்பிறை. நிலாவின் ஒளி-இருள் எல்லையை ஒட்டித் தியோஃபிலஸ் பள்ளம்: சுமார் 100 கி.மீ. அகலம், நடுவில் மலை, அதன் நிழல்.

"தெரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் ஐபீஸின் கறுப்பு விளிம்பைத்தான் பார்த்திருப்பார்கள். "நிழல் எந்தப் பக்கம் விழுது?" என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தலையைச் சற்றுப் பின்னால் இழுக்கச் சொன்னால் போதும், பெரும்பாலும் அங்கேயே படம் கிடைத்துவிடும். ஆளுக்கு 45 நொடி என்றால் 80 பேருக்கு ஒரு மணி நேரம். இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சனி மேற்கே தாழ்ந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் பூமி அதன் வளையத் தளத்தைக் கடந்தது, அதாவது வளையம் நமக்கு விளிம்புப் பக்கமாகத் திரும்பியிருந்தது; வளையம் இன்னும் மெல்லிய கோடுதான். படத்தில் பார்த்த சனியை நினைத்து வருபவர்களுக்கு ஏமாற்றம், நமக்கோ இதுதான் அரிய காட்சி.

ஐபீஸைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர்களால் குழாய் நகர்ந்துவிடுகிறது. ஏணியில் கைப்பிடி இருந்தால் கை தானாக அங்கே போகும். பத்துப் பேருக்கு ஒருமுறை ஃபோகஸைச் சரிபார்க்கவும்.

30 ஜனவரி, வெள்ளி

படம் மங்கியதும் "மேகம் வந்துடுச்சு" என்றார்கள். வானம் தெளிவு. சிவப்பு டார்ச்சைச் சாய்த்து அடித்தால் முன்கண்ணாடி முழுக்கப் பனி. துடைக்கக் கூடாது, பூச்சில் கீறல் விழும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்தால் பனி போய்விடும், ஆனால் கண்ணாடி ஆறும்வரை படம் ஆடும். குழாயின் முன்முனையில் நீட்டி மாட்டும் பனிக்கவசமும் சூடேற்றும் பட்டையும் தொடக்கத்திலேயே மாட்ட வேண்டியவை. பனி படிந்தபின் மாட்டினால் நேரம்தான் வீண்.

முழுநிலவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. நிழல் ஏதுமில்லை, வெறும் கண்கூச்சம். 13 சதவீத ஒளியை மட்டும் விடும் நிலா ஃபில்டர் போட்டும் பார்க்க அதிகம் இல்லை. அடுத்த அமாவாசை பிப்ரவரி 17. நிலாவைக் காட்டுவதென்றால் 22 முதல் 25 வரை ஏதேனும் ஒரு நாள்.