ஒன்பது இலக்கங்கள்

"மேடம், உங்கள் சின் நம்பர்?" என்று அந்தக் குரல் கேட்டதும் நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. தொலைபேசியில் கதைக்கிறவனுக்கு நான் நிற்பதும் இருப்பதும் தெரியப்போவதில்லை. ஆனாலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கனடாவில் ஆளாளுக்குக் கொடுக்கிற அந்தச் சமூகக் காப்புறுதி எண்ணின் ஒன்பது இலக்கங்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன்.

2016 மார்ச். கனடாவின் ஸ்காபரோவில் எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். கலியாணம் கட்டி வந்து, பஸ் பாதைகள் பிடிபட்டு, எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்பதுவரை தெரிந்து, இனி இது என்ர ஊர் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியிருந்த காலம். கணவர் வேலையில். மாமி கோயிலுக்குப் போயிருந்தா. எனக்குப் பின்னேர வேலை.

கனடா வருவாய் முகமையிலிருந்து அழைப்பதாகச் சொன்னான். தன் பெயரையும் ஒரு அதிகாரி இலக்கத்தையும் சொன்னான். திரையில் ஒட்டாவா எண் தெரிந்தது. நான் கட்டிய வரியில் பிழை, 2,400 டாலர் பாக்கி, பிடியாணை எழுதியாகிவிட்டது, அரை மணித்தியாலத்தில் பொலிஸ் வாசலுக்கு வரும் என்றான். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டுக்காரருக்கும் சொல்லக் கூடாது, விசாரணை இரகசியம் என்றான்.

அரை மணித்தியாலம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் ஸ்காபரோவில் இல்லை.

2007 ஜூன் 7 அதிகாலை. அப்பாவின் கண் வைத்தியத்துக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். கதவைத் தட்டினார்கள். சாமான் கட்ட அரை மணித்தியாலம்கூட இல்லை. கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோய் விட்ட நாள் அது. முந்நூற்றுச் சொச்சம் பேர். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது, திரும்பிவரவும் முடிந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அப்பாதான். சறத்தோடு, ஒரு கண்ணில் கட்டோடு, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் ஃபைலோடு நின்றார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பிறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள். கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் "ஓம் சேர்" என்றார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கமும் ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வி. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சோதனைச் சாவடியில் தடுமாறினால் சந்தேகம் என்று பழகிய வாய். கனடாவின் ஒன்பது இலக்கமும் அந்த வாயில்தான் ஏறியிருந்தது.

சேர் சொன்னபடி செய்தேன். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி, முதலில் வங்கி இயந்திரம், அப்புறம் மருந்துக்கடை. நூறு டாலர் பரிசு அட்டைகள் ஐந்து. அரசாங்கத்துக்குக் கட்டும் காசு ஏன் பாட்டுக் கேட்கிற, விளையாட்டு வாங்குகிற அட்டையில் போகவேண்டும் என்று இன்று யாரும் கேட்கலாம். அன்று என் தலைக்குள் அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை. கடையின் வாகனத் தரிப்பிடத்தில், கறுத்துப்போன பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று, கையுறையைப் பல்லால் கழற்றி, வீட்டுத் திறப்பால் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினேன். பூச்சுத்தூள் ஈரவிரலில் ஒட்டிக்கொண்டது. இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஐந்தாவது அட்டையின் பாதியில் போன் செத்துவிட்டது. குளிருக்கு பற்றரி அப்படித்தான் திடீரென்று போகும்.

இணைப்பு அறுந்துவிட்டதே, இனிப் பொலிஸ் வருமே என்று வீட்டுக்கு ஓடினேன். மாமி கோயிலால் வந்து, திருநீறு அழியாத நெற்றியோடு புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தா. நான் அழுதழுது சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டா.

"கடிதம் வந்ததோ பிள்ளை?"

இல்லை என்றேன்.

மாமி கையைக் கழுவிவிட்டு, அறைக்குள் போய் நீல நிற பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தா. அதற்குள் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த மண்ணிறக் கடித உறைகள், வருடவாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தன. "இருவது வருசமா இவங்களோட எனக்குக் கொடுக்கல் வாங்கல். நான் குடுக்க வேணுமெண்டாலும் கடிதம், எனக்கு வரவேணுமெண்டாலும் கடிதம். ஒருக்கா நாப்பத்திரண்டு டாலர் குடுக்கக் கிடந்தது. அதுக்கும் இந்தா, மூண்டு பக்கம்."

அந்த மூன்று பக்கத்தைப் பார்த்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகையோடு சேர்ந்து வந்தது. அன்றிரவு கணவர் வங்கியோடு கதைத்தார். சின் நம்பர் வெளியே போய்விட்டது என்று சேர்விஸ் கனடாவுக்குச் சொன்னோம். கடன் பதிவுகளை வைத்திருக்கிற ஈக்குவிபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற நிறுவனங்கள் இரண்டிலும் என் பெயரில் யாராவது கடன் எடுக்க முயன்றால் எச்சரிக்கும்படி குறிப்பு வைத்தோம். போன காசு போனதுதான். அட்டை இலக்கத்தை வாசித்துக் கொடுத்தால், அடுத்த சில நிமிடங்களில் மற்றப் பக்கத்தில் அது செலவாகிவிடும்.

ஆனால் பொலிஸுக்கோ மோசடித் தடுப்பு மையத்துக்கோ சொல்ல நான் சம்மதிக்கவில்லை. வெளியே தெரிந்தால் வெட்கம் என்றேன். மாமியிடம் சத்தியம்கூட வாங்கினேன். என் மனதை இன்றுவரை அரிப்பது காசில்லை, இதுதான்.

மே மாதம், வேலையில் சாப்பாட்டு அறையில் ஒரு அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே அழுதுகொண்டிருந்தா. அவவும் எங்கள் பக்கத்து ஆள், வன்னியிலிருந்து வந்தவ. அதே கதை. பிடியாணை, அரை மணித்தியாலம், யாருக்கும் சொல்லாதே. மூன்றாயிரம் டாலர். தம்பியை எடுப்பிக்கச் சேர்த்த காசு. இரண்டு மாதமாக நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். ஒரு நாள் நான் வாய் திறந்திருந்தால் போதும்.

அன்று வேலை முடிந்து இரண்டு பேரும் பஸ் தரிப்பிடத்திலிருந்தே கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கு அழைத்தோம். 1-888-495-8501. தொடங்கினால் கேள்விகள் நீளும்: எந்த எண்ணிலிருந்து, என்ன பெயர் சொன்னான், எப்படிக் காசு கேட்டான், அட்டையின் பற்றுச்சீட்டு இருக்கிறதா. கேட்ட பெண் அவசரப்படுத்தவில்லை. எங்கள் ஆங்கிலத்துக்கும் நேரம் தந்தா. கடைசியில் ஒரு கோப்பு இலக்கம் தந்தா. அதை அட்டை வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பொலிஸிடமும் தனியாகச் சொல்லச் சொன்னா, சொன்னோம்.

ஒரு அரசாங்கத்திடம் நான் வாழ்க்கையில் கொடுத்த முதல் முறைப்பாடு அது. ஊரில் முறைப்பாடு கொடுக்கப் போனவர் திரும்பி வருவாரா என்றுதான் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்போம். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "உன்ர பேரையும் குடுத்தனியோ?" என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மழை பெய்கிறது, கிணறு நிரம்பிவிட்டது என்று வேறு கதைக்குப் போனார். எனக்கும் அந்தக் கிணற்றடி ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கதைத்ததெல்லாம் கிணற்றடிதான்.

காசு இழந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் முறையிடுகிறார்கள் என்று அந்த மையமே மதிப்பிடுகிறது. அப்படியிருந்தும் 2024ல் அவர்களுக்குச் சொல்லப்பட்ட இழப்பு மட்டும் 63 கோடி டாலருக்கு மேல். எங்கள் சனத்தின் வெட்கம் எவ்வளவை மறைத்து வைத்திருக்கிறதோ. 2020 பெப்ரவரியில் கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி., பிராம்ப்டனில் ஒரு தம்பதியைக் கைது செய்தது. இந்தியாவில் இருந்த அழைப்பு மையங்களிலிருந்து நடந்த இதே வரி மோசடியைப் பற்றிய விசாரணையில் அது நடந்தது. 2014 முதல் 2019 வரை இந்த ஒரு மோசடியில் மட்டும் கனடாவில் 1.6 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. செய்தியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கட துண்டும் அந்தக் கோப்புக்குள்ள எங்கயாவது கிடக்கும்" என்றா. கிடக்கட்டும்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது மாமியின் பிஸ்கட் டின்னைத்தான். உண்மையான வரி அதிகாரி சிலவேளை தொலைபேசியில் அழைப்பார்தான். ஆனால் கைது செய்வேன் என்று மிரட்ட மாட்டார். பரிசு அட்டையிலோ பிட்கொயினிலோ காசு கேட்க மாட்டார். குடிவரவுத் திணைக்களமும் தொலைபேசியில் அபராதம் கேட்பதில்லை, நாடுகடத்துவோம் என்று வெருட்டுவதும் இல்லை. திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம், எந்த எண்ணையும் போலியாகக் காட்டலாம். சந்தேகமென்றால் பெயரைக் கேட்டு எழுதிவிட்டு வையுங்கள். பிறகு நீங்களாகவே 1-800-959-8281க்கு அழைத்துக் கேளுங்கள். துண்டித்தால் பொலிஸ் வராது. காசு போகாவிட்டாலும் மோசடித் தடுப்பு மையத்துக்குச் சொல்லுங்கள், எடுத்துக்கொள்வார்கள். உங்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எனக்கு இப்போது பழகிவிட்டது. தெரியாத எண் என்றால் எடுப்பதில்லை. இருந்தாலும் சீருடைக்காரர் யாராவது எங்கள் கட்டடத்துக்குள் வந்தால் என் கை முதலில் தேடுவது அந்த ஃபைலைத்தான். அப்பாவின் ஃபைல், நான் வரும்போது தந்துவிட்டது. மூலை வெடித்து, செலோரேப் ஒட்டிக் கிடக்கிறது.

போன கிழமை மாமியின் போன் அடித்தது. மாமிக்கு எண்பதாகப் போகிறது, காது மந்தம், ஒலிபெருக்கியில்தான் கதைப்பா. பிடியாணை, வரி, உடனே கட்டவேண்டும் என்று ஒருவன் ஆங்கிலத்தில் கத்தினான். நான் ஓடிப்போவதற்குள் மாமி நிதானமாகச் சொன்னா:

"கடிதம் போடுங்கோ தம்பி."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "எடு அந்த நம்பரை. நீ அடி, நான் சொல்லுறன்."