ஈரமான உடையை யார் மாற்றுவார்கள்? மகளுக்குப் பள்ளி தேடிய அனுபவம்

மகளுக்கு இரண்டரை வயது தாண்டியதும் பிளே ஸ்கூலில் சேர்த்துவிடலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதுதான் முதல் காரணம். "மற்ற பிள்ளைகளோட பழகட்டும்" என்பதையும் பலர் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் விளையாட்டைத்தான் விளையாடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இலேயே இதை 'இணை விளையாட்டு' என்று விவரித்திருக்கிறார். ஒன்றுகூடித் திட்டம் போட்டு விளையாடுவது பிறகு மெதுவாக வரும். அதனால் அவளுக்கு நண்பர்கள் கிடைப்பார்களா என்பதைவிட, நாங்கள் இல்லாத நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். தெரியாதவர் முன்னால் ஒரு வார்த்தை வராது. சிறுநீர் வந்தால் பாதி நேரம் சொல்வாள், விளையாட்டில் மூழ்கிவிட்டால் சொல்ல மாட்டாள். திடீரென்று கேட்கும் சத்தம் அவளுக்குப் பிடிக்காது. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினோம். நல்ல பள்ளி எது என்று தேடப் போனால் அதற்கு முடிவே இல்லை. இந்தப் பிள்ளைக்கு எது சரிப்படும் என்று தேடினால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

தூரத்தில் இருந்த பள்ளிகளை முதலிலேயே விட்டுவிட்டோம். 3, 4 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. இன்னும் சின்னப் பிள்ளை என்றால் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். வண்டிக்காக விடிவதற்கு முன்பே எழுப்பினால் அந்தக் கணக்கு தினமும் குறையும். எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும், தூக்கம் கெட்ட பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்?

அடுத்தது பெயர்ப் பலகை. மாண்டிசோரி, வால்டார்ஃப், ரெஜியோ, விளையாட்டு வழிக் கல்வி என்று எல்லாப் பலகையிலும் ஏதோ ஒரு கல்வி முறையின் பெயர் இருந்தது. எதற்கும் இவை என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்று படித்தேன். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளை வைத்துத் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியிருக்கிறார். வால்டார்ஃப் பள்ளி 1919இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தது. ரெஜியோ எமிலியா என்பது இத்தாலியில் உள்ள ஓர் ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே பெற்றோர்களே பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஆனால் நமக்கு இங்கே தெரிய வேண்டியது வேறு. மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமையாளர் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே நடப்பதைக் கேட்டோம். மாண்டிசோரி முறை என்றால் 3 முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருப்பார்கள். காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இடையூறு இல்லாமல் அவரவர் எடுத்த வேலையைச் செய்வார்கள். பொருட்கள் திறந்த தாழ்வான அலமாரியில், பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருக்கும். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் அந்த மரச் சாமான்கள் எல்லாம் புத்தம் புதிதாகக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. அரை மணிக்கு ஒரு முறை மணி அடித்து வகுப்பு மாறியது. மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் என் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த முறையை விரும்பித் தேடுகிறவர்களுக்கு இது உதவும் என்பதால் சொல்கிறேன்.

பள்ளியைப் பார்க்க எப்போது போவது என்பது முக்கியம். பல இடங்களில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அல்லது விடுமுறை நாளில் வரச் சொன்னார்கள். பிள்ளைகள் இருக்கும்போது வந்து ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டோம். தினமும் யாராவது வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு, அதனால் வாரத்தில் ஒரு நாள்தான் அனுமதி என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். அது நியாயமான பதில். எந்த நாளும் முடியாது என்று சொன்ன இடங்களுக்கு நாங்கள் மறுபடி போகவில்லை.

உள்ளே போனால் கண்ணுக்கு முதலில் படுவது சுவர். ஒரு பள்ளியில் வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அது டீச்சர் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. இன்னொரு பள்ளியில் ஒட்டியிருந்தவற்றில் பாதி என்னவென்றே புரியவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும் அந்தப் பிள்ளை அதைப் பற்றிச் சொன்னதை டீச்சர் எழுதி வைத்திருந்தார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

அப்புறம், ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. பாட்டு நேரத்தில் எந்த வகுப்பும் அழகாகத்தான் இருக்கும். பாட்டு முடிந்து எல்லோரும் கை கழுவப் போகும் அந்தச் சில நிமிடங்களைப் பாருங்கள். வரிசையில் அசையாமல் நிற்க வைக்கிறார்களா, கத்துகிறார்களா, அல்லது வேலை இருக்கும் பிள்ளை வேலையில் இருக்க, முடித்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்களா? பிள்ளையிடம் பேசும்போது டீச்சர் குனிந்து அதன் முகத்துக்கு நேராகப் பேசுகிறாரா, அறையின் மறுகோடியிலிருந்து பெயரைச் சொல்லி அதட்டுகிறாரா? ஒரு பிள்ளை பதில் சொல்லத் திணறும்போது எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? தெரியாதவர் முன் வாய் திறக்காத எங்கள் மகளுக்கு அந்தக் காத்திருப்பு மிகவும் தேவை என்பதால் இதைக் கூர்ந்து பார்த்தோம்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்பதையும் எல்லோரும் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் விதிப்படி 2 வயதுக் குழந்தைகள் ஐந்து பேருக்கு ஒருவராவது இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் வரை நான்கு பேருக்கு ஒருவர் என்று இருந்தது. அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் கல்விக்கான என்.ஏ.இ.ஒய்.சி. அமைப்பு 4 வயதுப் பிள்ளைகள் ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பத்துப் பேருக்கு ஒருவராவது வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் விதி என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் அறைக்குள் இருக்கும் தலைகளையும் எண்ணுங்கள். அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவரையும் சேர்த்துக் கணக்குச் சொன்ன பள்ளி உண்டு.

இப்போது, எங்களுக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிய கேள்விக்கு வருகிறேன். "விளையாடிக்கிட்டு இருக்கும்போது பிள்ளை உடையை நனைச்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

மகளுக்கு இது நிச்சயம் நடக்கும் என்று தெரியும் என்பதால்தான் கேட்டோம். ஆனால் ஒரு பள்ளி எப்படி இயங்குகிறது என்பதை வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு காட்டவில்லை. ஓரிடத்தில், "டயப்பர் இல்லாம இருக்கப் பழகின பிறகு கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அதுவாவது நேரடியான பதில். இன்னோரிடத்தில், "போன் பண்ணுவோம், அம்மா வந்து மாத்திட்டுப் போகலாம்" என்றார்கள். நான் வந்து சேரும் வரை பிள்ளை ஈரத்தோடு இருக்குமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. மூன்றாவது ஓரிடத்தில் நிர்வாகி சிரித்த முகத்தோடு, "எங்க பிள்ளைங்க அப்படிப் பண்ண மாட்டாங்க, ரெண்டு நாள்ல பழக்கிடுவோம்" என்றார். எப்படிப் பழக்குவார்கள் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பிள்ளையை இரண்டு நாளில் பழக்க வேண்டுமானால், வெட்கப்பட வைக்காமல் எப்படி முடியும்?

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த பள்ளியில் அந்தக் கேள்விக்கு நிர்வாகி பதில் சொல்லவில்லை. வகுப்பில் இருந்த ஆயாவைக் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அவர் சொன்னார்: "பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பக்கத்துல போய் மெதுவா, 'வா, உடை மாத்திக்கலாம்'னு சொல்லுவோம். அவங்க பையை அவங்களே எடுத்துட்டு வருவாங்க. முடிஞ்ச வரைக்கும் அவங்களே மாத்துவாங்க, நான் உதவி பண்ணுவேன். கதவைச் சாத்த மாட்டோம், டீச்சர் கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் இருப்போம். சாயங்காலம் உங்ககிட்ட தனியாச் சொல்லுவோம், பிள்ளை முன்னாடி சொல்ல மாட்டோம்."

இந்தப் பதிலில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையின் மானம், பிள்ளை தன் வேலையைத் தானே செய்யப் பழகுவது, பாதுகாப்பு, பெற்றோரோடு பேசும் முறை எல்லாமே வந்துவிட்டன. ஆயாவும் டீச்சரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். கழிப்பறையையும் காட்டச் சொன்னோம். தாழ்வான கோப்பை, எட்டும் உயரத்தில் குழாய், ஈரமில்லாத தரை. அது போதும்.

என் மாமனாருக்கு ஒரு குறை இருந்தது. "அங்க எழுதச் சொல்லித் தர மாட்டாங்களாமே" என்றார். அவர் கவலை அக்கறையில் வந்தது, தட்டிவிட எனக்கு மனமில்லை. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். விரல்களின் சிறு தசைகளுக்கும் வலு வர வேண்டும். களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் ஊற்றுவது எல்லாம் பென்சில் பிடிப்பதற்கான தயாரிப்புதான் என்று டீச்சர் அவருக்கே விளக்கினார். முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், "சரி, ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இரண்டரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஆள் இருக்கிறாரா, பிள்ளையை அழைத்துப்போக யாருக்கெல்லாம் அனுமதி என்று எழுதி வாங்குகிறார்களா, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா, வாய்க்குள் போகும் அளவுச் சிறு பொருட்கள் தரையில் கிடக்கின்றனவா. கேமரா இருக்கிறது என்பதை எல்லோரும் பெருமையாகக் காட்டினார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நடந்து முடிந்ததைத்தான் கேமரா காட்டும். டீச்சர்கள் எத்தனை வருடமாக அங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பது அதைவிடப் பயன் தரும். இந்த வயதில் பிள்ளை பழகுவது கட்டடத்தோடு இல்லை, ஒரு ஆளோடு. அந்த ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சேர்த்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வில் அதுவும் ஒரு பகுதி. வேறொரு பள்ளியில், "வாசல்ல விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிடுங்க, ஒரு வாரம் அழுவாங்க, அப்புறம் சரியாயிடும்" என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் சேர்த்த இடத்தில் பெர்லின் முறை என்ற ஒன்றைப் பின்பற்றினார்கள். 1980களில் பெர்லினில் உருவானது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வகுப்பில் ஒரு மணி நேரம் அளவுக்கு இருக்க வேண்டும், விட்டுப் போகவே கூடாது. நான்காம் நாள் முதல் பிரிவு, அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. டீச்சர் தேற்றியும் பிள்ளை சில நிமிடங்களில் தேறவில்லை என்றால் உடனே திரும்ப அழைத்துவிடுவார்கள். தேறினால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

மகள் உடனே தேறவில்லை. முதல் பிரிவின்போது என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு சில நாட்கள் பிரிவே இல்லாமல் கூடவே உட்கார்ந்தேன். அலுவலகத்தில் விடுப்பு நீட்டிக் கேட்பது எளிதாக இல்லை. பாதி நாட்கள் கணவர் போனார், அதையும் பள்ளி ஏற்றுக்கொண்டது. ஒன்றை மட்டும் டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார்: சொல்லாமல் நழுவக் கூடாது. பிள்ளை பார்க்காத நேரமாகப் போனால் அழுகை குறையும் என்று தோன்றும், ஆனால் அடுத்த நாள் அது விளையாடவே போகாமல் உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "அம்மா போயிட்டு, நீ தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, அழுதாலும் உடனே கிளம்ப வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரவும் வேண்டும். அவளுக்குப் பிடித்த பழைய துண்டு ஒன்றைப் பையில் வைத்து அனுப்பினோம்.

விடும்போது அழுகை இன்னும் சில நாட்களில் வருகிறது, முக்கியமாக விடுமுறைக்கு மறுநாள். நாங்கள் பார்ப்பது அதற்குப் பிறகு உள்ளதை: எவ்வளவு நேரத்தில் தேறுகிறாள், வீட்டுக்கு வந்தபின் தூக்கம் எப்படி, டீச்சர் பெயர் அவள் பேச்சில் வருகிறதா. வாரங்கள் கடந்தும் தூக்கம் கெட்டாலோ, பழகிய விஷயங்களை விட்டுவிட்டுப் பின்னால் போனாலோ பள்ளியோடு உட்கார்ந்து பேசுவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அதற்கு இதுவரை தேவை வரவில்லை. அடுத்த வருடம் அவள் மேல் வகுப்புக்குப் போகும்போது இதே டீச்சர் கூடப் போவாரா என்று இப்போதே கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் போவார் என்றார்கள். போகவில்லை என்றால் புது டீச்சர் இந்த வருடத்தின் கடைசி மாதமே இவர்கள் அறைக்கு வந்து பழகத் தொடங்குவாராம்.