ஆடியோகிராமுக்கு எட்டாதது

செவிப்புலன் ஆராய்ச்சிக்குள் நான் வந்தது கோழிக்குஞ்சுகள் வழியாக. நம் உள்காதில், காக்ளியா என்ற நத்தைச் சுருளுக்குள், ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றும் மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்த இருப்பு அவ்வளவுதான்; போனால் போனதுதான். கோழிக்கு அப்படியில்லை. செத்த செல்லின் இடத்தில் சில வாரங்களில் புதிது முளைத்துவிடும். 1980களின் கடைசியில் தெரியவந்த இந்த விஷயம்தான் என் முனைவர் பட்டத்துக்கும் பொருள். முளைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கொல்ல வேண்டுமே, அதற்கு ஜென்டாமைசின் கொடுப்போம். பாக்டீரியாவைக் கொல்லும் அமினோகிளைகோசைடு வகை மருந்து அது. மயிர் செல்லின் உச்சியில் ஒலிக்காகத் திறக்கும் அதே வாசல் வழியாக உள்ளே நுழைந்து செல்லைச் சாகடிக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வேலைக்கு வந்த பிறகு, பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கான வார்டில் செவித்திறன் சோதிக்கும் குழுவோடு சேர்ந்தேன். அங்கே மாதக்கணக்கில் நோயாளிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த கானாமைசின் ஊசி, ஆய்வகத்தில் நான் கையாண்ட மருந்தின் பங்காளி. பாடத்தில் எப்போதோ படித்ததுதான். இருந்தாலும், ஆட்கள் அந்த ஊசிக்காக வரிசையில் காத்திருப்பதை நேரில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. காதா உயிரா என்று வந்தால் யாராக இருந்தாலும் உயிரைத்தான் கேட்பார்கள்.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்த ஒரு அக்காவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பாட்டியிடம் வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும். "ராத்திரியெல்லாம் காதுக்குள்ள சில்வண்டு கத்துதும்மா, தூக்கமே இல்ல" என்றார். எந்தச் சுருதி எவ்வளவு மெல்லிதாகக் கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கமான சோதனை 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000த்தோடு நின்றுவிடும். இந்த மருந்தோ காக்ளியாவின் அடிப்பகுதியில், மிக உயர்ந்த சுருதிகள் பதியும் இடத்தில்தான் முதலில் கைவைக்கும். அப்புறம்தான் பேச்சுக்கு வேண்டிய சுருதிகளை நோக்கி நகரும். வேறு ஹெட்ஃபோன் மாட்டி 16,000 வரை சோதித்தோம். 10,000த்துக்கு மேல் அவர் பட்டனை அழுத்தவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த ஒலி வரும் என்று விரலைத் தயாராக வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒலி போய்க்கொண்டுதான் இருந்தது.

காது பாதிக்கப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் பெடாக்விலின் மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அவருக்கும் மாற்றினார்கள். பேச்சு தப்பியது. சில்வண்டு போகவில்லை.

2018 ஜூனில் தென்னாப்பிரிக்க அரசு, இந்த வகைக் காசநோய்க்கு ஊசியை விட்டு பெடாக்விலினுக்கு மாறுவதாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் அந்தப் பக்கம் திரும்பியது. என் துறையில் நான் பார்த்த மிகப் பெரிய நல்ல காரியம் இதுதான் என்பேன். எந்த ஆய்வுக் கட்டுரையும் இதற்கு ஈடில்லை. அதே வகையைச் சேர்ந்த அமிகாசின் ஊசி இன்னும் சிலருக்குத் தேவைப்படுகிறது. அவர்களுக்குச் செவிச் சோதனை விடாமல் நடக்க வேண்டும்.

காவடித் திருவிழாக்களில் உருமி அடிக்கும் தம்பிகள் சிலர் இப்போது என்னிடம் வருகிறார்கள். ஆடியோகிராம் சுத்தமாக இருக்கும், ஆனால் கல்யாண வீட்டுச் சந்தடியில் எதிரே நிற்பவர் பேச்சு பிடிபடாது. பெரும் சத்தத்தில் மயிர் செல் பிழைத்துக்கொண்டாலும், அதை நரம்போடு இணைக்கும் சினாப்ஸ்கள் அறுந்துபோகலாம் என்று 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் முடியவில்லை. அதுவரை, "காது நல்லாத்தான் இருக்கு, போங்க" என்று சொல்லி யாரையும் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இரைச்சலுக்கு நடுவே வாக்கியங்களைக் கேட்க வைத்துச் சோதிக்கிறேன், காதடைப்பான் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொல்கிறேன்.

கோழி ஆராய்ச்சியை விட்டுவிட்டாயா என்று பழைய நண்பர்கள் கேட்கிறார்கள். விடவில்லை. கோழியில் புது மயிர் செல்களைத் தருவது பக்கத்திலிருக்கும் துணை செல்கள்தான்; பாலூட்டிகளின் காக்ளியாவில் அவை ஏன் மறுபடி பிரிய மறுக்கின்றன என்பதுதான் இன்றைக்கும் என் மேசையில் இருக்கும் கேள்வி. ஊசிக் காலத்தில் உயிர் பிழைத்து, கேட்கும் திறனை இழந்தவர்கள் இந்த நாட்டில் இன்னும் வாழ்கிறார்கள். தடுப்பு என்ற பேச்சு அவர்களுக்கு இனி உதவாது. முளைக்க வைத்தால்தான் உண்டு.