இரண்டு லைசென்ஸ், இரண்டு காலண்டர்

2023 ஜூன். கோடை விடுமுறை தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில், அரசுப் பள்ளியில் சமூகப் பணியாளராக ஐந்தாவது வருடத்தை முடித்திருந்தேன். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருடம் என்பது மறக்கவில்லை. ஆனால் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை என்று நினைத்துக்கொண்டுதான் எலிஸைத் திறந்தேன். இல்லினாய் மாநிலக் கல்வி வாரியம் ஆசிரியர்களின் உரிமங்களுக்காக வைத்திருக்கும் இணையதளத்துக்கு அதுதான் பெயர்.

என் கணக்கில் 74 மணிநேரப் பயிற்சி இருந்தது. ஐந்து வருடத்தில் வேண்டியது 120. ஜூன் 30க்குள் பயிற்சிகள் முடிந்திருக்க வேண்டும்.

இந்த லைசென்ஸ் கைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளிச் சமூகப் பணியாளர் என்றால் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே பி.இ.எல்., அதாவது தொழில்முறைக் கல்வியாளர் உரிமம்தான், அதன்மேல் பள்ளிச் சமூகப் பணி என்ற தகுதிக் குறிப்பு ஏறும். 2013 ஜூலைக்கு முன்னால் இதற்கு டைப் 73 என்று பெயர். மூத்தவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள், என் முதல் வருடத்தில் "உன் எழுபத்து மூன்று வந்துவிட்டதா?" என்று ஒருவர் கேட்க, அறை எண்ணைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பு, 400 மணிநேரக் களப்பணி, அதற்குமேல் பள்ளியிலேயே 600 மணிநேர இன்டர்ன்ஷிப், மாநிலத் தேர்வில் முந்நூறுக்கு 240. இதெல்லாம் முடிந்ததும் பல்கலைக்கழகம் 'இவர் தகுதியானவர்' என்று எலிஸில் ஏற்றிவிடும். நாம் 100 டாலர் கட்டி விண்ணப்பிக்கிறோம். உரிமம் வந்த பிறகு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். வருடத்துக்குப் பத்து டாலர் வீதம் ஐந்து வருடத்துக்கு 50. உரிமம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் இந்தப் பதிவைச் செய்யாவிட்டால் அது காலாவதியாகிவிடும். 2018 கோடையில் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். படிக்கிற காலத்தில் கேட்டுக் கேட்டு வேலை வாங்க ஒரு ஆலோசகர் இருந்தார். வேலைக்கு வந்த பிறகு அப்படி யாரும் இல்லை.

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த என் தோழியிடம் இதைச் சொன்னபோது, "பட்டம் வாங்கியாச்சு, அப்புறம் எதுக்குடி லைசென்ஸ்?" என்றாள். அவள் பார்க்கும் வேலைக்கு அங்கே பட்டம் போதும். பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, 74க்கு வருவோம். மிச்சம் 46 மணிநேரம் எங்கே போனது? முதல் தவறு என்னுடையது. எங்கள் வட்டாரப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம் நடத்தும் பயிற்சி நாட்களுக்குப் போய் உட்கார்ந்தாலே அதன் அலுவலகம் எலிஸில் ஏற்றிவிடும் என்று நம்பியிருந்தேன். சிலவற்றை ஏற்றியிருந்தார்கள், சிலவற்றை ஏற்றவில்லை. பதிவுக்குப் பொறுப்பு உரிமம் வைத்திருப்பவரே என்று விதியில் தெளிவாக இருக்கிறது. நான் விதியைப் படித்ததில்லை.

இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். கொரோனா வருடத்தில் மனக்காயம் பட்ட பிள்ளைகளைக் கையாள்வது பற்றி இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தேன். 12 மணிநேரம். அந்த ஐந்து வருடத்தில் நான் கற்றதிலேயே உருப்படியானது அதுதான். ஒரு பையன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டால் அவனை வெளியே இழுக்காமல் நானும் தரையில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். ஆனால் நடத்தியவர்கள் கல்வி வாரியம் ஒப்புக்கொண்ட பயிற்சியாளர் பட்டியலில் இல்லை. எனவே 12ம் பூஜ்யம். அதே சமயம், புது அச்சு இயந்திரத்தைப் பற்றிப் பாதி நேரம் பேசிய ஒரு பயிற்சி நாள் முழுதாகக் கணக்கில் ஏறியிருந்தது.

வீட்டில் பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் காகிதங்கள் கிடந்தன. கவிழ்த்துத் தேடினேன். பயிற்சி முடித்ததற்கான சான்றுப் படிவங்கள் ஐந்தாறு கிடைத்தன; அவற்றில் 20 மணிநேரம் தேறியது. இன்னும் 26. கல்லூரிப் பாடம் ஒன்றில் சேர்ந்தால் ஒரு செமஸ்டர் மணிக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு, 15 பயிற்சி மணிநேரம் தருவார்கள், ஆனால் ஜூன் மாதத்தில் எந்தப் பாடம் மூன்று வாரத்தில் முடியும்? பணம் கட்டி, ஒப்புதல் பெற்ற ஒரு நிறுவனத்தின் இணைய வகுப்புகளில் உட்கார்ந்தேன். பதினோரு நாள். பிள்ளைகள் நீச்சல் குளத்தில், நான் கரையில் மடிக்கணினியோடு. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கேள்விகள், பிறகு வகுப்புக்கு நட்சத்திர மதிப்பீடு. வாசித்துக் களைத்துப்போய், ஒருமுறை என் மகளின் கணக்குப் புத்தகத்துக்கே நட்சத்திர மதிப்பீடு கொடுக்கிற நிலைமைக்குப் போய்விட்டேன்.

பயம் எதற்கென்றால், ஆகஸ்ட் 31க்குள் மணிநேரங்களை ஏற்றி, பதிவுக் கட்டணத்தையும் கட்டாவிட்டால் செப்டம்பர் 1 அன்று உரிமம் காலாவதி. அதை மீட்க 500 டாலர் அபராதம், அல்லது 9 செமஸ்டர் மணிநேரப் பாடம். அதைவிடப் பெரிய சிக்கல், பள்ளி திறந்த இரண்டாவது வாரமே வேலை பார்க்க உரிமம் இல்லாமல் நிற்பது. சிறப்புக் கல்விக்காக ஒரு பிள்ளையை மதிப்பிட்டால் அறுபது பள்ளி நாளுக்குள் முடிக்க வேண்டும். வீட்டுச் சூழல், வளர்ந்த விதம் எல்லாம் பெற்றோரிடம் கேட்டு எழுதும் அறிக்கை என் பொறுப்பு. நான் இல்லையென்றால் அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஏற்கெனவே மூன்று பள்ளிகள்.

ஜூன் 28. கடைசி வகுப்பையும் முடித்துவிட்டு, ஓய்வு பெறப்போகும் ஒரு மூத்த சகாவுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். டைப் 73 காலத்து மனுஷி. என் புலம்பலை முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன்னிடம் எல்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது அல்லவா?"

இருந்தது. அது வேறு துறை கொடுப்பது. மாநிலத்தின் தொழில் ஒழுங்குமுறைத் துறை வழங்கும் சமூகப் பணி உரிமம். 2022 ஜனவரி முதல் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் அதற்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்றானதும் நானும் விண்ணப்பித்து வாங்கி வைத்திருந்தேன். அடுத்தபடியான எல்.சி.எஸ்.டபிள்யூ., அதாவது மருத்துவச் சமூகப் பணி உரிமத்துக்கு 3000 மணிநேர மேற்பார்வைப் பணியும் தேர்வும் உண்டு. அதன்மேல் ஒரு கண் இருந்ததால்தான் முதல் படியை ஏறினேன்.

விஷயம் இதுதான். பள்ளிச் சமூகப் பணியாளராக வேலை பார்ப்பவரிடம், அதே துறை சார்ந்த தொழில் உரிமம் நடப்பில் இருந்தால், பி.இ.எல். புதுப்பித்தலுக்கான 120 மணிநேரத்தையும் அவர் நிறைவேற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நிதானமாக, "ஆமாம், உரிம விவரத்தைக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். 50 டாலர் கட்டினேன். பத்து நிமிடம்தான் ஆனது.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று என் கணவரைத்தான் கேட்க வேண்டும். மாவட்ட அலுவலகம் அனுப்பும் சுற்றறிக்கையில் இது இருந்ததே இல்லை. அது ஆசிரியர்களுக்காக எழுதப்படுவது. நானூறு ஆசிரியர்களுக்கு நடுவில் நாலைந்து சமூகப் பணியாளர்கள். எங்களுக்கென்று தனிப் பத்தி எழுத யாருக்கு நேரம்?

ஆனால் இது இலவசச் சலுகையும் இல்லை. எல்.எஸ்.டபிள்யூ.வுக்குத் தனிக் காலண்டர். ஒற்றைப்படை வருடங்களில் நவம்பர் 30ம் தேதி முடியும். இரண்டு வருடத்துக்கு 30 மணிநேரம். அதற்குள் நெறிமுறைக்கு 3, பண்பாட்டுப் புரிதலுக்கு 3, பாலியல் தொந்தரவு தடுப்புக்கு 1, நம்மை அறியாமல் நமக்குள் இருக்கும் சாய்வுகளைப் பற்றி 1 என்று தனித்தனி ஒதுக்கீடு. ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 75 மணிநேரம், 120ஐ விடக் குறைவுதான். ஆனால் இது தவறினால் பி.இ.எல்.லுக்குக் கொடுத்த முட்டும் சேர்ந்து சரியும். பயிற்சி கொடுப்பவர்களின் பட்டியலும் வேறு: கல்வி வாரியம் ஒப்புக்கொண்டவர் இந்தத் துறைக்கு ஆகவேண்டும் என்றில்லை. குளக்கரையில் நான் சேர்த்த 26 மணிநேரத்தை இங்கே காட்டலாமா என்று பார்த்தேன். நடத்தியவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

நல்லவேளை, உரிமம் வாங்கியபின் வரும் முதல் புதுப்பித்தலுக்குப் பயிற்சி மணிநேரம் கேட்பதில்லை. அதனால் 2023 நவம்பர் கட்டணத்தோடு முடிந்தது. 2025 நவம்பருக்கு முழு 30 மணிநேரமும் தேவைப்பட்டது. இந்த முறை ஒவ்வொரு பயிற்சிக்கும் சேரும் முன்பே, நடத்துபவரின் ஒப்புதல் எண் எந்தத் துறையுடையது என்று கேட்டு எழுதி வாங்கினேன். ஒரு நிறுவனத்தில் இப்படிக் கேட்பவள் நான்தான் முதல் ஆள் என்றார்கள். செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

செருப்புப் பெட்டி இன்னும் இருக்கிறது. மேலே இரண்டு தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன்: 2027 நவம்பர் 30, 2028 ஜூன் 30. மகள் அதைப் பார்த்துவிட்டு, யாருடைய பிறந்தநாள் என்று கேட்டாள்.