மாமியாரின் பித்தப்பையும் கொரோனாவும்

2021 ஜனவரி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கொரோனாவின் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது; பரிசோதனையில் கொரோனா உறுதியானது. ஆனால் வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி தோள்பட்டை வரை ஏறியது, வாந்தி வேறு. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் குடும்ப டாக்டர் விலாவுக்கடியில் விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே அத்தை துடித்து நிறுத்திவிட்டார். “இது பித்தப்பை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார் டாக்டர்.

ஸ்கேனில் கல் தெரிந்தது. பித்தப்பையின் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கோத்திருந்தது. வேறு சமயமாக இருந்தால் ஓரிரு நாளில் லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவைச் சிகிச்சை) செய்து பித்தப்பையையே எடுத்திருப்பார்கள். அத்தைக்கோ சர்க்கரை நோய், மூக்கில் ஆக்சிஜன். முழு மயக்கம் கொடுத்தால் நுரையீரல் தாங்காது என்று சர்ஜன் போனில் சொன்னார். என் கணவரின் மாமா விடவில்லை: “வெட்டி எடுத்தா முடிஞ்சுது, எதுக்கு இழுக்கறாங்க?” சர்ஜன் பொறுமையாக, 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வைச் சொன்னார். அறுவைச் சிகிச்சையை ஒட்டிக் கொரோனா உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். அதற்குமேல் மாமா பேசவில்லை.

முதலில் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக். காய்ச்சலும் வலியும் இறங்காததால் குழாய் வைத்தார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே கல்லீரல் வழியாகப் பித்தப்பைக்குள் மெல்லிய குழாயைச் செருகி, தேங்கிய பித்தநீரையும் சீழையும் வெளியே வடியவிடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போட்ட ஊசியை அதற்காகச் சற்று நிறுத்தினார்கள். கொரோனாவுக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை எகிற வைத்ததால் இன்சுலினும் சேர்ந்தது.

பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. வார்டு போன் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. வேலை முடிந்து போகும்போது தன் சொந்த போனில் அத்தையைக் காட்டிய ஒரு சிஸ்டர் மட்டும் இல்லாவிட்டால் அந்த வாரம் பைத்தியமே பிடித்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது குழாயும், வடியும் பித்தநீரைச் சேர்க்கும் பையும் கூடவே வந்தன. உண்மையான வேலை அப்புறம்தான். தினமும் கையை நன்றாகக் கழுவி, சிரிஞ்சில் சிறிது சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) எடுத்து மெதுவாகக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். அடைப்பிருந்தால் முரட்டுத்தனமாகத் தள்ளக் கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். எவ்வளவு வடிந்தது, என்ன நிறம் என்று நோட்டில் எழுதினேன். பச்சை, மஞ்சள் என்றால் சரி. திடீரென்று நின்றாலோ, ரத்தம் கலந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆண்டுத் தைப்பூசத்தின்போது வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தடை. அத்தை வீட்டிலேயே விளக்கேற்றினார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கொரோனா வந்து ஏழு வாரமாவது கடந்த பின்தான் அறுவைச் சிகிச்சை பாதுகாப்பு என்ற ஆய்வு மார்ச்சில் வெளியானது; எங்கள் சர்ஜனும் அதையே சொன்னார். குழாய் வழியே சாயம் செலுத்திப் படமெடுத்து, பித்தநீர்ப் பாதையில் கல் இல்லை என்று உறுதி செய்தார்கள். ஏப்ரலில் லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தார்கள். ஒட்டிப்போயிருந்ததால் வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. மற்றபடி சிக்கல் இல்லை. முதலில் சில வாரம் எண்ணெய்ப் பண்டம் வயிற்றைக் கலக்கியது, பிறகு சரியாகிவிட்டது.

குழாயோடு யாரையாவது வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள் என்றால், சலைன் யார் தருவார்கள், குழாய் நழுவினால் இரவில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, இரண்டையும் வார்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.