டயாலிசிஸ் நாட்களில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை

செப்டம்பர் 5, 2023, செவ்வாய்

கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள், என் பெயரும் அதில் இருந்தது. கோவிட் காலத்தில் ஓவர்டைம் செய்யச் சொல்லிக் கெஞ்சிய அதே இடம்தான். சொக்சோவின், அதாவது மலேசிய அரசின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின், வேலைக் காப்புறுதிப் பணம் வருகிறது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, கடைசியில் 30. வீட்டில் எல்லாமே குறைந்துகொண்டு வருகிறது. சிறுநீரகம் பழுதான என் கணவர் குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு.

அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இதுவரை கொழுந்தனார் கூட்டிப் போனார், இனி நான்தான். சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிற மையத்தில், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்தால் மூன்றாவது மணி நேரத்தில் தலை வலிக்கிறது. தைக்கலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூட நாளில் பூத்தையல் கற்றிருக்கிறேன். அதற்கப்புறம் ஊசியைத் தொட்டது பட்டன் வைக்க மட்டும்தான்.

சொன்னதும் அண்ணி, "நல்லது, மனசு அமைதியாகும்" என்றார். எனக்கு அமைதி வேண்டாம் அண்ணி, கண்ணுக்கு முன்னால் ஏதாவது ஒன்று வளர வேண்டும்.

செப்டம்பர் 7, வியாழன்

உள்ளே ஏர்கோன் குளிர். இயந்திரத்துக்குப் போய்த் திரும்புகிற ரத்தத்தால் உடம்பும் சில்லிட்டுப் போகிறதாம். அவர் கைலியை இழுத்து இழுத்துக் காலை மூடுகிறார். சரி, என்ன தைப்பது என்ற கேள்வி முடிந்தது. மடியிலிருந்து பாதம் வரை மூடுகிற ஒரு சின்னப் போர்வை.

செப்டம்பர் 10, ஞாயிறு

அறுகோணத் துண்டுகளாக வெட்டி ஒட்டுவது என்று முடிவு. தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போக முடியாது. இந்த முறையில் எல்லாமே கையால்தான். அறுகோண அட்டை மேல் துணியை வைத்து, ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து நூலோட்டிவிட வேண்டும். அப்படி மடித்த இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பைச் சுற்றித் தைத்தால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஒரு பூ. ஆறு பக்கமும் அண்டைத் துண்டு சேர்ந்த பிறகுதான் அட்டையை உருவ வேண்டும்.

அட்டைக்கு எங்கே போவது? கல்யாணப் பத்திரிகைகள்! நம் வீடுகளில் அதற்கா பஞ்சம். தடிமனும் சரியாக இருக்கிறது. மகள் காம்பஸ் எடுத்து வட்டம் போட்டு, அதே ஆரத்தை வட்டத்தின் மேல் ஆறு முறை நகர்த்திப் புள்ளி வைத்தாள். அறுகோணம் தானாக வந்துவிட்டது. படிவம் ஐந்து கணக்கு ஒரு வேலைக்கு ஆயிற்று.

அப்புறம் அவளே ஒரு கணக்குப் போட்டுப் பயமுறுத்தினாள். பக்கம் ஓர் அங்குலம் என்றால், 36க்கு 48 அங்குலப் போர்வைக்கு 660 துண்டுகளுக்கு மேல் வேண்டும். ஒற்றைக் கட்டில் அளவென்றால் இரண்டாயிரத்தைத் தாண்டும். "ஒன்றரை அங்குலமா வெட்டுங்கம்மா, முந்நூறோட முடிஞ்சிரும்." பாதிக்கும் கீழே! ஊக்கம், விடாமுயற்சி என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும். தாங்காத அளவில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு மனத்தைத் திட்டுவதில் நியாயமில்லை.

செப்டம்பர் 16, சனி

மலேசிய தினம், ஊருக்கே விடுமுறை. சிறுநீரகத்துக்கு விடுமுறை இல்லை.

தையல்கடை அக்கா ஓர் அரிசிப் பை நிறைய வெட்டுத்துணி கொடுத்தார். பாதிக்கு மேல் ஆகாது. பாலியெஸ்டர் மடித்த இடத்தில் நிற்காமல் நிமிர்ந்துகொள்கிறது, பட்டு ரவிக்கைத் துண்டு விளிம்பில் பிரிகிறது. பருத்திதான் சொன்னபடி கேட்கும். அதனால் பழைய பாத்திக் கைலி, அவருடைய வேலைச் சட்டை, மகளின் சின்ன வயசு கவுன். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்தாயிற்று. சிவப்பு பாத்திக் வாளியையே சிவப்பாக்கியது. துவைக்காமல் வெள்ளையோடு சேர்த்திருந்தால் அவ்வளவுதான்.

அட்டை வெட்டுகிற பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். ஃபிஸ்துலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம், இடது கையில். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, கத்தரிக்கோலுக்கு வலது கை போதும். செம்பனை லோரி ஓட்டின மனுஷன், ஒரு மில்லிமீட்டர் கோணல் என்றாலும் தூக்கிப் போட்டுவிடுகிறார். நான் வெட்டினதையும்.

செப்டம்பர் 26, செவ்வாய்

எனக்கு ஒத்துவருகிற வழி ஒன்று பிடிபட்டுவிட்டது. மையத்திலிருந்து கிளம்பும்போது ஒரு விளிம்பைப் பாதியில் நிறுத்தி, நூல் கோத்த ஊசியைத் துணியிலேயே குத்தி பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன். அடுத்த தடவை யோசிக்கிற வேலையே இல்லை, கை தானாகப் போகும். துணி வெட்டுவது, நூலோட்டுவது எல்லாம் திங்கள் இரவு வீட்டில். காத்திருக்கும்போது முடிவு எடுக்கிற வேலை எதுவும் இருக்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே போதுமான கவலை இருக்கிறது.

வெள்ளை நடுத்துண்டுகளில் பூத்தையல். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்து, முழ நீளத்துக்கு மேல் எடுக்காமல். நீளமாக எடுத்தால் சிக்கல் அவிழ்ப்பதிலேயே நேரம் போய்விடும். தண்டுக்குக் காம்புத்தையல், இலைக்குச் சங்கிலித்தையல். பால்மரக் (ரப்பர் மரக்) கிளை ஒன்று, மூன்று மூன்று இலையாக. பக்கத்து நாற்காலி மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்து "சந்திக்" என்றார், அழகு என்று. கணவருக்காக ஏழு வருஷமாக அதே நாற்காலியில் உட்காருகிறவர்.

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று தைக்கவில்லை, படித்தேன். 1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பெண்கள் மூன்று போர்வைகள் தைத்திருக்கிறார்கள். யோசனை எத்தல் முல்வனி என்ற கனடாக்காரருடையது. ஆளுக்கு ஒரு வெள்ளைச் சதுரம். உன்னைப் பற்றி ஏதாவது தைத்துப் பெயரையும் போடு என்பதுதான் ஏற்பாடு. ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். வேறு முகாமில் இருந்த கணவன்மார் அந்தப் பெயர்களைப் பார்த்து, இவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் உள்நோக்கம். கமாண்டர் தடுக்காமல் இருக்க ஒரு போர்வையை ஜப்பானியருக்கென்றே தைத்தார்களாம். என்ன சாமர்த்தியம்! அந்தச் சிறையில் இருந்த சிறுமிகளும் தனியாக ஒன்று தைத்திருக்கிறார்கள். அது அறுகோணப் பூக்கள், என்னுடையது மாதிரியே.

படித்துவிட்டு வெகுநேரம் பாட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வருஷங்களில்தான் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். பர்மா வரை 415 கிலோமீட்டர். பாட்டியின் அப்பா போனவர் போனவர்தான். உயிரோடு இருக்கிறாரா என்று லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, யாரும் எதையும் தைத்து அனுப்பவில்லை. துணியே கிடையாது, சாக்கைத்தான் கிழித்துக் கட்டினோம் என்று பாட்டி சொல்லும். சாக்கை உடுத்துவதற்கும் முதலில் ஒருத்தி ஊசி எடுத்துத் தைத்திருக்க வேண்டுமே. அந்தத் தையல் எந்தக் காட்சியகத்திலும் இல்லை. சாங்கி போர்வைகளில் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பொறாமையாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண்கள் மேல் இல்லை.

அக்டோபர் 19, வியாழன்

ஃபிஸ்துலா அடைத்துக்கொண்டது. கையை வைத்தால் தெரிகிற அதிர்வு காலையில் இல்லை. ஈப்போவுக்கு ஓடினோம். தையல் இல்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

கழுத்தில் தற்காலிகக் குழாய் வைத்திருக்கிறார்கள். டின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை. எடுக்கவும் இல்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

அவரேதான் டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "அட்டை வெட்டிக் குவிச்சு வெச்சிருக்கேன், நீ பாட்டுக்கு உட்கார்ந்திருந்தா?" ஊசி அப்படியே குத்தியபடி இருந்தது. விட்ட விளிம்பை முடித்தேன்.

நவம்பர் 4, சனி

பூக்கள் முடிந்து அவற்றைச் சேர்க்கிற கட்டம். இதுதான் ஆளைக் கொல்கிற கட்டம். பூ தைத்தபோது அரை நாளில் ஒன்று முடிந்த சந்தோஷம் இருந்தது. இப்போது எவ்வளவு தைத்தாலும் போர்வை நேற்றுப் போலவே இருக்கிறது, கனம் மட்டும் கூடுகிறது. அதனால் வேலையைப் பிரித்துவிட்டேன். சேர்க்கிற தையல் இரவில், டிவி முன்னால், பாதிக் கவனத்தோடு. மையத்துக்கு மடியில் அடங்குகிற பூத்தையல் துண்டு மட்டும். சலிப்பான வேலைக்கு முழு மனத்தையும் கொடுப்பானேன்.

தீபாவளிக்கு எட்டு நாள். கைமுறுக்கு சுற்ற ஆள் வேண்டும் என்று அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

நவம்பர் 18, சனி

அட்டைகளை உருவினேன். பாதி மணமகன், கால் முகூர்த்தம், "சுற்றமும் நட்பும்" என்று துண்டு துண்டாக வந்தது. அதில் ஒரு ஜோடி பிரிந்தே விட்டது என்று அத்தை அடையாளம் கண்டுபிடித்தார்.

நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம். வங்காளத்தில் காந்தா போர்வைக்குச் செய்கிற மாதிரி பழைய பருத்திச் சேலையை நடுவில் வைத்து, கீழே படுக்கை விரிப்புத் துணி வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். மெஷினில் துவைத்தாலும் தாங்க வேண்டும். மையத்துக்குப் போய் வருகிற துணி, அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று போர்த்திக்கொண்டார். எதிர்க் கட்டில் சீன ஆன்ட்டி தனக்கும் ஒன்று வேண்டும், எவ்வளவு என்று கேட்டார். இந்த மாதம் காப்புறுதிப் பணம் இன்னும் இறங்கியிருக்கிறது, நான் வாய் திறந்து "நூறு வெள்ளி..." என்று இழுக்கும்போதே உள்ளேயிருந்து அவர் குரல்: "முந்நூத்தம்பது, ஆன்ட்டி. அட்டை வெட்டுறது நான்."

ஆன்ட்டி முந்நூறுக்குக் கேட்டிருக்கிறார். மகள் ஒன்றரை அங்குலத்தை இரண்டாக்கினால் எத்தனை துண்டு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.