பித்தக்குழாய் சிடி ஸ்கேனும் அப்பாவின் அரைஞாணும்

போனில் புக் செய்தபோது சொன்னது ஒரே ஒரு வரி: "வெறும் வயித்துல வந்துடுங்க." அதை நம்பி அப்பாவோடு காலை ஆறரைக்கே கடலூரில் பாண்டி பஸ் ஏறினேன்.

கண் மஞ்சளாகி, முதல் இரண்டு வாரம் கீழாநெல்லியிலேயே போய்விட்டது. பிறகு எடுத்த அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்தது. ஆனால் குழாயின் அடிப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிட்டது. அதனால்தான் படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கிற சிடி ஸ்கேன்.

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் சீட்டை வாங்கிய பெண் கேட்ட முதல் கேள்வி, "கிரியேட்டினின் ரிப்போர்ட் எங்க சார்?"

ஏற்றுகிற அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை வேறு. அவர்கள் கேட்டது நியாயம்தான். அதைப் போனிலேயே கேட்டிருந்தால் என்ன? "எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றார். எனக்குத் தெரியாதே! கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எந்த லேபிலும் சாதாரணமாக எடுக்கிற ரத்த டெஸ்ட் அது.

இதற்குள் அப்பா இன்னொரு காரியம் செய்திருந்தார். சாப்பிடவில்லை, ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டிருக்கிறார். ஸ்கேன் எடுக்காமலே திரும்பும் வழியில் கன்னியக்கோயில் தாண்டும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ரெட்டிச்சாவடியில் இறங்கி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுத்த பிறகுதான் பேச்சே வந்தது. சர்க்கரைக்காரரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் காலை மாத்திரை, இன்சுலினை என்ன செய்வதென்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். கிட்னி சரியாக இல்லாதவர்களுக்கு ஸ்கேனுக்குப் பிறகு 48 மணி நேரம் அதை நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

மூன்று நாள் கழித்து ரிப்போர்ட்டோடு மறுபடியும் போனோம். அலர்ஜி பற்றிக் கேட்டார்கள். அப்பாவுக்கு இறால் ஆகாது என்றதும் டெக்னீஷியன் தயங்கினார். உள்ளேயிருந்த டாக்டர் வந்து, இறாலுக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை, முன்பு ஸ்கேன் மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, ஆஸ்துமா உண்டா என்பதுதான் முக்கியம் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது அரைஞாண். வெள்ளிக்கொடி, சரியாக வயிற்றுக்குக் குறுக்கே. உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும், கழற்றுங்கள் என்றார்கள். நாற்பது வருடத் திருகு, துளிகூட அசையவில்லை. "அறுத்துடாதடா" என்று அப்பா குழந்தை மாதிரி கெஞ்சினார். கடைசியில் வாட்ச்மேன் எங்கிருந்தோ ஒரு கட்டிங் பிளேயர் கொண்டுவந்தார். அந்த இடத்தில் எங்களுக்கு ஒழுங்காக உதவியவர் அவர் ஒருவர்தான். நீங்கள் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

ஸ்கேன் பத்து நிமிடம்கூட இல்லை. மருந்து வேகமாக ஏறுவதால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பெரிய ஊசியாகப் போடுவார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். உண்மையில் போயிருக்காது. இதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. "வேட்டி நனைஞ்சிருச்சா பாரு" என்றுதான் வெளியே வந்தார். மூச்சுப் பிடிக்கச் சொல்லும் மெஷின் குரல் இங்கிலீஷில் வரும். பஸ்ஸிலேயே பழக்கியிருந்ததால் அதில் தப்பித்தோம்.

அரை மணி நேரம் உட்காரவைத்து ஊசியை எடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டோடு, ஸ்கேன் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தட்டைத்தான் கேட்டார்.

குழாய் வீங்கியிருக்கிறது, கட்டி எதுவும் தெரியவில்லை. அதுவரை மூச்சை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் போல. ஆனால் கல்லும் தெரியவில்லை. கொழுப்புக் கற்கள் சில சிடியில் பித்தநீரின் நிறத்திலேயே கலந்துவிடுமாம். அதனால் எம்ஆர்சிபி, அதாவது எம்ஆர்ஐ மெஷினில் பித்தக்குழாய்களைப் பார்க்கிற ஸ்கேன், எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த அறைக்குள் ஒரு குண்டூசிகூடப் போகக் கூடாது.

முந்தின நாள்தான் அப்பா ஆசாரியிடம் கொடுத்து, அரைஞாணைப் பற்றவைத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை திருகே கிடையாது.